கடைசியா யாரைத்தான் கெஞ்சறது?

எங்க கடத்தூர் ‘மேலயாரு’வைப் பார்த்து நடுங்காத அதிகாரி தர்மபுரி மாவட்டத்துலயே கிடையாதுங்க. நிஜப் பேரு என்னன்னு அவரு சம்சாரத்துக்கே யோசிச்சாத்தான் வரும். எந்த ஆபீஸுக்குப் போனாலும், "உங்களுக்கு மேல யாருங்க?"ன்னு கேப்பாரு. அந்த மேல இருக்கறவரைப் போய்ப் பார்த்து, அவருக்கு மேல யாருன்னு கேப்பாரு. தெருவுல சாஞ்ச கரன்ட் கம்பத்துக்காகச் சேலம் வரைக்கும் படியேறி, அதை நிமித்தி நட வச்சுட்டுத்தான் ஓய்ஞ்சாரு.

அப்பேர்ப்பட்டவருக்கே போன வருசம் ஒரு கண்டம் வந்துச்சு. அவரு மக செல்வி, பொம்மிடி பக்கம் ஷூ கம்பெனியில தைக்கறா. அவ சம்பளத்துலதான் வூட்டுல அடுப்பு எரியுது. ஆர்டரெல்லாம் வேற நாட்டுக்குப் போவுது, கம்பெனியை மூடப்போறாங்கன்னு பேச்சு கிளம்பிருச்சு. என் சம்சாரத்துக்கும் அங்கதான் வேலை.

மேலயாரு என்னை வண்டியில ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டாரு. மேனேஜரு, "மெட்ராஸ் ஆபீஸைக் கேளுங்க"ன்னாரு. மெட்ராஸுக்குப் போன் போட்டா, "வெளிநாட்டுல ஷூ வாங்கறவங்க எடுக்கற முடிவுங்க"ன்னாங்க. சரி, நமக்குன்னு சர்க்காரு இருக்கில்லன்னு எம்.எல்.ஏ. வூட்டுக்குப் போனோம்.

"கம்பெனிக்காரனைக் கூப்பிட்டு ஒரு அதட்டு அதட்டுங்க"ன்னாரு மேலயாரு.

எம்.எல்.ஏ. குரலைத் தாழ்த்திக்கிட்டாரு. "அதட்டுனா நாளைக்கே வேற ஸ்டேட்டுக்குப் போயிருவான்ணே. அங்க நெலத்தையே சும்மா குடுக்கறாங்களாம். நாங்களே கெஞ்சிக்கிட்டிருக்கோம்."

மேலயாரு நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டாரு. "நாங்க ஓட்டும் போட்டுட்டு உங்களைக் கெஞ்சறோம். நீங்க அவனைக் கெஞ்சறீங்க. அவன் யாரைத்தாங்க கெஞ்சறான்?"

எம்.எல்.ஏ. எங்களுக்கு டீ சொன்னாரு. வேற என்னத்தைச் சொல்லுவாரு.

அடுத்த வாரமே, ஷூ வாங்கற அந்த வெளிநாட்டுக் கம்பெனியிலேருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. நான் சட்டையைப் புடிச்சு இழுக்க இழுக்க, மேலயாரு கம்பெனி கேட் வாசல்லயே காரை மறிச்சுட்டாரு. "உங்களுக்கு மேல யாருங்க?"ன்னு அவரு கேட்டதை, அந்தப் பொண்ணோட வந்த ஆபீஸரு இங்கிலீஷ்ல சொல்ல, அந்தப் பொண்ணு மெதுவா ஏதோ பேசுச்சு.

ஆபீஸரு தலையைச் சொறிஞ்சாரு. "அவங்க கம்பெனியையே வேற யாரோ வாங்கறாங்களாம். அடுத்த மாசம் அவங்களுக்கே வேலை இருக்குமான்னு தெரியலையாம்."

மேலயாரு அந்தப் பொண்ணுகிட்டப் போனாரு. செல்விக்குன்னு வாங்குன கொய்யாப்பழத்தை எடுத்து அது கையில குடுத்தாரு. "வழி வுடுவோம்ப்பா. பாவம், அதுவும் நம்மளாட்டம்தான்"னாரு.

கம்பெனியை இன்னும் மூடல. மூடமாட்டோம்னும் யாரும் சொல்லல. தெனமும் காலையில கம்பெனி பஸ்ஸு வருதான்னு பாக்க, செல்விக்கு முன்னாலயே மேலயாரு வந்து ரோட்டோரம் நிக்கறாரு. அந்த மனுசன் அப்படித் தனியா நிக்கறதைப் பாத்தா எனக்கு மனசு கேக்கறதில்லீங்க. நானும் போய்ப் பக்கத்துல நின்னுக்கறேன்.