மூன்று மணிச் சிரிப்பு

படத்தில் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். பிரச்சினையே அதுதான்.

சும்மா ஒப்புக்குச் சிரித்திருந்தால் போனால் போகிறது என்று விட்டிருக்கலாம். இது கண்ணெல்லாம் சிரிக்கிற சிரிப்பு. சமையலறை ஜன்னல் ஓரமாக நின்று, கீழே தெருவை எட்டிப் பார்த்து, கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதே பூதக்கண்ணாடிக்கு அன்றைக்குத்தான் தெரியும். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து!

பூதக்கண்ணாடி என்பது ஆபீசில் வைத்த பெயர். வாகன இன்சூரன்ஸ் கம்பெனியில், இழப்பீடு கேட்டு வருகிறவர்களைத் துருவுகிற வேலை அவருக்கு. கார் சுவரில் மோதிவிட்டது என்று யாராவது வந்து நின்றால், "அப்போ சுவருக்கு ஏன் அடிபடல?" என்பார். மறுநாள் போய்ச் சுவரைத் தடவியும் பார்த்துவிட்டு வருவார். அவர் முன்னால் உட்கார்ந்தால், நிஜமாகவே கை உடைந்தவனுக்கும் நாக்கு குழறும். "மனுஷன் புளுகுவான் சார். படத்தோட மூலையில விழற தேதியும் மணியும் புளுகாது" என்று தினம் ஒரு முறையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

வீட்டுக்கு வந்தாலும் அதே உத்தியோகம்தான். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுவார்.

"யாரு வந்துட்டுப் போனா?"

"யாரும் வரல."

"பின்ன நாற்காலி ஏன் திரும்பியிருக்கு?"

"பெருக்கினேன்."

"ரெண்டு டம்ளர் கழுவிக் கவுத்திருக்கே?"

"ரெண்டு தடவை டீ குடிச்சேன்."

விசாரணை முடிந்து அவர் கை கால் கழுவிக்கொண்டு வருவதற்குள் மனைவியின் முகம் ஷட்டர் இறக்கிய கடை மாதிரி ஆகியிருக்கும். அந்த முகத்தைத்தான் இத்தனை காலமும் அவர் மனைவியின் முகம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான், நசுங்கிய வண்டிகளைப் படமெடுக்கச் சொல்லி ஆபீசில் ஒரு குட்டி டிஜிட்டல் காமிரா கொடுத்திருந்தார்கள். யாரோ மேலதிகாரி கொஞ்ச நாள் வைத்திருந்தது. சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். பதினாறு மெகாபிக்சல், ஐந்து மடங்கு ஜூம், கை நடுங்கினாலும் படம் நடுங்காத வசதி என்று அட்டைப்பெட்டியெல்லாம் பெருமை அடித்திருந்தது. பழகிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு எடுத்து வந்தவர், காலையில் அதன் சக்கரத்தை அப்படி இப்படித் திருகிப் பார்த்துவிட்டு, அணைக்க மறந்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு ஆபீஸ் போய்விட்டார். சாயங்காலம் பார்த்தால் உள்ளே இந்தச் சிரிப்பு.

பொத்தானை யார் அமுக்கியது? அதுதானே முதல் சந்தேகம். கையேட்டைப் புரட்டினார். விஷயம் விளங்கியது. சக்கரத்தை ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைத்தால், எதிரே ஒரு முகம் சிரித்த உடனே காமிரா தானாகவே படம் எடுத்துக்கொள்ளுமாம். ஆள் வேண்டாம், விரல் வேண்டாம்.

படத்தின் மூலையில் மஞ்சள் எழுத்தில் மணி விழுந்திருந்தது. மூன்று மணி சொச்சம்.

மத்தியானம் மூன்று மணி! தான் ஆபீசில் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய பம்பரை நம்பாமல் இருக்கிற நேரம்!

"மூணு மணி வாக்கில நீ என்ன பண்ணிட்டிருப்பே?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"தூங்கிட்டிருப்பேன்."

"தினமுமா?"

"தினமும்தான். ஏன், தூங்கினாத் தப்பா?"

"தப்பே இல்ல. நல்லாத் தூங்கு."

முதல் பொய் சிக்கிவிட்டால் ஆளைப் பேசவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டும் என்பது அவர் தொழில் கற்றுக் கொடுத்த பாடம். மறுநாள் காமிரா தானே அணைகிற வசதி நிறுத்தியே இருந்ததை உறுதி செய்துகொண்டார். சத்தத்தை அடைத்தார். மினுக்குகிற விளக்கின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினார். சார்ஜர் ஒயரைச் செருகி, ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இது எதுக்கு இங்கேயே கிடக்கு?" என்றாள் மனைவி.

"சார்ஜ் ஏறுது. தொடாதே."

சாயங்காலம் எடுத்துப் பார்த்தார். அதே ஜன்னல், அதே சிரிப்பு, அதே மூன்று மணி. பக்கத்துக் கட்டடம் மறைப்பதால் அந்தச் சமையலறையில் பகலெல்லாம் விளக்கு எரியும். முகம் பளிச்சென்று விழுந்திருந்தது. அடுத்த நாள் ஜூமை முடுக்கி வைத்தார். இந்த முறை, சிரிப்பதற்கு முன்னால் அவள் நெற்றி முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியிருந்ததும் தெரிந்தது.

முடியை ஒதுக்குகிறாளா!

காமிராவில் இன்னொரு வசதி இருந்தது. எந்த அளவுச் சிரிப்புக்குப் படம் எடுக்கலாம் என்று நாமே சொல்லலாம். லேசான முறுவல், சாதாரணச் சிரிப்பு, பல் தெரிகிற சிரிப்பு. பூதக்கண்ணாடி கடைசியில் இருப்பதில் வைத்தார். உள்ளுக்குள் ஒரு நப்பாசை. பல் தெரியாவிட்டால் படம் விழாது, படம் விழாவிட்டால் விஷயம் அவ்வளவு முற்றவில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம் இல்லையா?

சாயங்காலம் படத்தில் அத்தனை பல்லும் தெரிந்தது.

அவருக்குப் பொறாமை பொங்கியது. கொஞ்சம் அழுகையும் வந்தது. "என்னைப் பார்த்து ஒரு நாளாவது இப்படிச் சிரிச்சிருக்காளா?" என்று குளியலறைக் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார். கண்ணாடியில் இருந்த ஆசாமியின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வருகிற மாதிரி இல்லைதான்.

ஜன்னலுக்கு நேர் எதிரே இரண்டே இரண்டு இடம். மாடியில் பல் டாக்டர். கீழே டயர்க் கடை. சிரிப்பு சம்பந்தப்பட்ட விவகாரம் என்பதால் முதல் சந்தேகம் பல் டாக்டர்மேல் விழுந்தது.

அரை நாள் லீவு போட்டுவிட்டு, வண்டியை அடுத்த தெருவில் மறைத்து வைத்துவிட்டு, மூன்று மணிக்கு முன்னால் டாக்டரின் அறைக்குள் நுழைந்தார்.

"எந்தப் பல்லு வலிக்குது?"

"பொதுவா வலிக்குது."

"பொதுவாவா?"

"டாக்டர், இந்த நாற்காலியக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்ப முடியுமா? எனக்குக் காத்து வேணும்."

"தரையோட முடுக்கியிருக்கு. எந்தப் பல்லுன்னு சொல்லுங்க."

ஏதாவது ஒன்றைக் காட்டியாக வேண்டும். வாய்க்குள் விரலை விட்டு, கைக்கு எட்டிய கடவாய்ப் பல்லைக் காட்டினார்.

"நீங்க இந்த ஜன்னல்ல நின்னு எதிர் வீட்டைப் பார்க்கறதுண்டா?"

"எனக்கு நாள் முழுக்க வாயைப் பார்க்கவே நேரம் சரியா இருக்கு சார். நல்லாத் திறங்க."

நாற்காலி மல்லாக்கச் சாய்ந்தது. அதற்கப்புறம் பூதக்கண்ணாடிக்குக் கூரையையும் டாக்டரின் மூக்கையும் தவிர வேறெதுவும் தெரியவில்லை. எழுந்திருக்கலாம் என்று பார்த்தால் வாய்க்குள் இரண்டு கையும் ஒரு குறடும் இருந்தன.

"சரியாத்தான் காட்டினீங்க. உள்ளே முழுக்கச் சொத்தை" என்றார் டாக்டர், பல்லை உயர்த்திக் காட்டி. வாழ்க்கையில் முதல் முறையாகப் பொய் சொன்னவருக்கு அதுவும் உண்மையாகப் போய்த் தொலைந்தது.

சந்தேகம் வராமல் இருக்க, ஆறு மணி வரை அடுத்த தெருவில் உட்கார்ந்திருந்தார். பிறகு வழக்கம்போல வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். முதல் வேலையாகக் காமிராவைப் பார்த்தார். மூன்று மணிப் படம் இருந்தது. அன்றைக்குச் சிரிப்பு வாய்கொள்ளவில்லை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்திருந்தாள்.

அடிப்பாவி! அங்கே புருஷன் பல்லைப் பிடுங்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறான், இங்கே இவளுக்கு இப்படி ஒரு சிரிப்பா!

ஒரு லாபம் உண்டு. அந்த நேரத்தில் டாக்டரின் இரண்டு கையும் தன் வாய்க்குள் இருந்தன. ஆக, டாக்டர் நிரபராதி. மிச்சம் டயர்க் கடை.

மறுநாளும் லீவு. டயர் அடுக்குக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"வண்டி எங்க சார்?" என்றார் கடைக்காரர்.

"வண்டி வரல. டயர் மட்டும் பார்க்கலாம்னு."

"பாருங்க."

கொஞ்ச நேரம் போனது. "பார்த்தாச்சா?"

"இன்னும் இல்ல. இந்தத் தெருவுக்கு மூணு மணிக்கு யாரு வருவா?"

"வெயிலு வரும்."

"ஆளு?"

"இந்த வெயில்ல எவன் வருவான்? உங்க வீட்டு ஜன்னலையே பார்த்திட்டிருக்கீங்களே, சாவியத் தொலைச்சிட்டீங்களா?"

மூன்று மணிக்கு ஜன்னலில் யாரும் இல்லை. நாலு மணிக்கும் இல்லை. ஒருவேளை இன்றைக்குத் தாமதமாகுமோ என்று, கடைக்காரர் கடையைப் பூட்டுகிற வரைக்கும் இடத்தை விட்டு நகரவில்லை. சாயங்காலம் கடைக்காரர் இன்னும் நாலு டயரை முன்னால் அடுக்கியதால் பிற்பாடு ஜன்னலும் சரியாகத் தெரியவில்லை. இருட்டிய பிறகு வீட்டுக்குப் போனார். காமிராவைத் தட்டிப் பார்த்தார். அன்றைக்கு ஒரு படமும் இல்லை.

பூதக்கண்ணாடிக்கு ஜிவ்வென்று ஏறியது. தான் காவல் இருந்த ஒரே நாளில் சிரிப்பு இல்லை என்றால் என்ன அர்த்தம்? ஆள் உஷாராகிவிட்டான்!

"நேத்து அப்படிச் சிரிச்சே, இன்னைக்கு ஏன் சிரிக்கல?"

"என்னது?" என்றாள் மனைவி.

"சிரிக்காதேன்னு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"ஏங்க, நீங்க வர நேரமாச்சேன்னு நானே பயந்து போய் உட்கார்ந்திருக்கேன். வந்ததும் வராததுமா என்ன இது? சிரிச்சாலும் கேள்வி, சிரிக்கலேன்னாலும் கேள்வியா?"

"மூணு மணிக்கு ஜன்னல்ல நின்னு தெருவைப் பார்த்துச் சிரிக்கறே. ஆதாரம் இருக்கு."

"எங்க, காட்டுங்க."

"சாட்சி இல்லாம ஆதாரத்தைக் காட்டக் கூடாது."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். நேராகப் போய்ப் போனை எடுத்தாள். "அண்ணா, நாளைக்கு அண்ணியோட வா. வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடு. இந்த மனுஷனோட இனி ஒரு நாள்கூட முடியாது." சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெட்டியைக் கீழே இறக்கினாள்.

பெட்டி தரையில் மோதிய சத்தத்தில்தான் பூதக்கண்ணாடிக்கு விஷயம் உறைத்தது. உண்மையைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று இருந்தார். அது முடிந்தபின் வீட்டில் யார் இருப்பார்கள் என்று அவர் யோசிக்கவே இல்லை. ஆனால் பின்வாங்கவும் மனசு வரவில்லை. படம் பொய் சொல்லாதே!

மறுநாள் மனைவியின் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு பழக்கப்பட்டவர். இவர்களுக்கு நடுவிலும் வந்து உட்கார்ந்தார்.

"என்ன மாப்பிள்ளை இதெல்லாம்?"

"நான் பேசல மச்சான். இது பேசும்" என்று காமிராவை நீட்டினார்.

மச்சான் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். முகம் கறுத்துக்கொண்டே வந்தது. "ஏம்மா, மூணு மணிக்கு ஜன்னல்ல உனக்கு என்ன வேலை?"

"ஐயோ, அந்த நேரத்துல நான் தூங்கிட்டிருப்பேன் அண்ணா! அண்ணி, நீங்களாவது நம்புங்க."

"பார்த்தீங்களா மச்சான்? படத்தை வச்சுக்கிட்டே இல்லேங்கறா."

"மாப்பிள்ளை சொல்றதுல நியாயம் இருக்கும் போலிருக்கே" என்று மச்சான் தரையைப் பார்த்துச் சொன்னார். மனைவி பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அண்ணி காமிராவை வாங்கினாள். "எங்க வீட்டுல இருக்கறதும் இதே ரகம்தான். ஒரு படம் எடுத்துப் பார்க்கறேன்" என்று மூன்று பேரையும் குறிபார்த்தாள். காமிரா அசையவே இல்லை. "யாராவது கொஞ்சம் சிரிச்சாத்தான் எடுக்கும்."

"சிரிக்கற நேரமாடி இது?" என்று சீறினார் மச்சான்.

அண்ணி சக்கரத்தைத் திருப்பி, பொத்தானை அமுக்கினாள். பளிச். எடுத்த படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள், நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி காமிராவைப் பார்த்தாள்.

"இப்ப மணி ஏழு. இதுல நாலரைன்னு விழுந்திருக்கு."

"என்னம்மா சொல்றே?" என்றார் பூதக்கண்ணாடி.

"இதோ ஓரத்துல குட்டியா விமானப் படம் தெரியுது பாருங்க அண்ணா. வெளிநாடு போறவங்க அந்த ஊர் நேரத்துக்கு மாத்தி வச்சுக்கற வசதி இது. இதுக்கு முன்னால வச்சிருந்தவர் எங்கேயோ போயிட்டு வந்து மாத்தவே இல்ல. ரெண்டரை மணி நேரம் பின்னாடி ஓடுது."

மச்சான் விரல் விட்டு எண்ணினார். "அப்போ படத்துல மூணு சொச்சம்னா... ஆறு."

பூதக்கண்ணாடி வாயைத் திறந்தார். பல் போன இடத்தில் காற்று வந்ததே தவிரப் பேச்சு வரவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்திருந்த மனைவி, காது மடல் வரை சிவந்துபோய் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அண்ணிக்கு மட்டும் பூதக்கண்ணாடிமேல் இருந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

"ஆறு மணிக்கு நீங்களும்தானே அண்ணா கீழே வந்து வண்டிய நிறுத்தறீங்க? இவ பார்த்துச் சிரிக்கற அந்த ஆளை ஒரு நாள்கூடவா நீங்க வாசல்ல பார்த்ததில்ல?"