மீன் எண்ணெய் குடித்த பெல்ட்

ஒரே மோட்டாரை வைத்துக்கொண்டு உலகத்தையே சுற்றவைக்கலாம் என்று நம்பிய ஒரே மனிதன், எங்கள் கோட்டைக்குப்பம் கப்பிதான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும்.

கப்பியும் நானும் ஐஸ் கொட்டகையில் வேலை பார்த்தோம். பொட்டலம் கட்ட வாங்கிய பழைய தாள்களில் பள்ளிக்கூட அறிவியல் புத்தகம் ஒன்று அவன் கையில் சிக்கியது. அன்றைக்குப் பிடித்தது சனி. பலகையில் மூன்று ஆணி அடித்து, நூல்கண்டுக் கட்டைகளைச் செருகி, ரப்பர் பேண்டு மாட்டினான். பொம்மைக் கார் மோட்டார் ஒரு கட்டையைச் சுற்ற, மூன்றும் சுற்றின. நாற்பது வயது ஆள் கைதட்டிக் குதித்தான்.

"பாத்தியா நைனா? படகுல ஒருத்தன் கோல் போடறான், மூணு பேரு குந்திக்கினு போறாங்க!"

"போய் ஐஸ உடைடா," என்றேன்.

எங்கே கேட்டான்? ஐஸ் உடைக்கும் மெஷினின் மோட்டாரிலேயே கப்பிகளைப் பூட்டி, விசிறிக்கும் தண்ணீர் பம்புக்கும் பெல்ட் இழுத்தான். குனியாமல் கொட்டகைக்குள் நடக்க முடியாது. அந்த இரைச்சலுக்கு, பக்கத்திலிருக்கும் பழைய டச்சுக்காரர்கள் கல்லறையில் படுத்திருப்பவர்கள் எழுந்து வராததுதான் ஆச்சரியம். விசிறி பெல்ட்டைக் குறுக்காக மாட்டிவிட்டான். அது எதிர்ப்பக்கம் சுற்றிச் சுவருக்குக் காற்று வீசியது. கேட்டால், "செவுத்துக்கும் வேர்க்கும்ல?" என்றான்.

ஆனாலும் எல்லாம் ஓடின. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

பிறகுதான் அந்தக் கூத்து. உப்புக் காற்றில் பெல்ட் இற்றுவிடுமே என்று பயந்தான். மரப்படகுக்கு மீன் எண்ணெய் பூசித்தானே காப்பாற்றுகிறோம்? ஒரு காலையில் எல்லா பெல்ட்டுக்கும் சொட்டச் சொட்டப் பூசிவிட்டான்.

அன்றைக்கென்று ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் கூடை கூடையாக வந்து நின்றார்கள். சித்திரை வெயில். உடைத்த ஐஸ் விழாவிட்டால் அத்தனையும் நாறிப்போகும். மோட்டார் உறுமியது. பெல்ட் வழுக்கியது. ஒரு கப்பியும் அசையவில்லை.

"இன்னாடா பண்ண?" என்றேன்.

"எண்ண போட்டேன்."

"பெல்ட்டு பிடிச்சாத்தான்டா சுத்தும்! படகாடா அது, வழுக்கிக்கினு போறதுக்கு?"

"விடியக்காலைலருந்து கழுத்தளவு தண்ணில நின்னோமே, பாவி!" என்று கூடைக்காரி ஒருத்தி அழுதாள்.

கப்பி ஐஸ் பாறையைக் கோணியில் சுற்றி, மூலையில் கிடந்த கட்டையால் அடிக்க ஆரம்பித்தான். இருந்தது ஒரே கட்டை. நான் பிடுங்கப் பார்த்தேன். முழங்கையால் இடித்துத் தள்ளினான். கடைசிக் கூடைக்கு ஐஸ் போட்டபிறகுதான் நிறுத்தினான்.

ஓர் இறால்கூடக் கெடவில்லை. அவன் உள்ளங்கை இரண்டும் உரிந்துபோயின. நாலு நாள் நான்தான் மீனில் முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து அவனுக்கு ஊட்டினேன், வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே.