என் விரலும் பைத்தானும்

வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் கெடுதல் வராது என்று அறுபத்தேழு வயது வரை நம்பியவள் நான். வாய் திறக்காமலே ஒருத்தியின் பிழைப்பைக் கெடுக்கலாம் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

என் மருமகள் கவிதா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவள். சிவகாசியில் நான் முப்பது வருஷம் பசை தடவிய காலண்டர் கம்பெனியில்தான் அவளுக்கு முதல் ஆர்டர் கிடைத்தது. பைண்டிங்கில் ஒரு கட்டு முடிந்ததும் தொடுதிரையில் ஒரு தட்டு தட்ட வேண்டும், புரோகிராம் எண்ணிக்கொள்ளும். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் சீசன் தொடங்கிவிடும். அதற்குள் முடித்தாக வேண்டும்.

பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதி, திரையை என்னிடம் நீட்டினாள்.

“அத்தை, உங்க கைக்கு ஓடுனா அங்கன எல்லார் கைக்கும் ஓடும். தட்டிப் பாருங்க.”

தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது என்று எனக்குத் தெரியும். பசையும் தாளுமாகத் தேய்த்து என் விரல் நுனி கொட்டாங்குச்சி மாதிரி ஆகிவிட்டது. எந்த போனும் என்னை ஒரு மனுஷியாக மதிப்பதில்லை. (போன் வந்தால் அடுப்படிக்குள் ஓடிப்போய் மூக்கால் தேய்த்து எடுப்பேன். யாரும் பார்த்ததில்லை.) அஞ்சாங்கிளாஸ் படித்தவள், இதைப் போய் அவளிடம் எப்படிச் சொல்வது?

“ஓடலையே தாயி.”

“நான் தட்டுனா ஓடுதே! ஒரு தரம் வாங்குது, ஒரு தரம் விடுதா? பைத்தான் இதுக்குத் தோதுப்படல போல.”

எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜாவாவில் எழுதினாள். பத்து நாள்.

“இப்போ?”

“இல்ல தாயி.”

அடுத்து, இந்த மாதிரித் திரைகளுக்கென்றே தனியாக விற்கிற மென்பொருள் ஒன்றைப் பிடித்தாள். அதைப் படிக்கவே ஒரு வாரம். கன்னம் ஒட்டிப்போனது. நான் வேளாவேளைக்குச் சோறு போட்டேன். உண்மையை மட்டும் பரிமாறவில்லை.

ஆடிப்பெருக்கு வந்தது, போனது. ஆர்டர் மதுரைக்காரர் ஒருவருக்குப் போய்விட்டது. கவிதா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. அப்போதுதான் சொன்னேன், ஒரே மூச்சில், மூக்கு உட்பட.

என் விரலைத் தடவிப் பார்த்தாள்.

“பைண்டிங்ல அம்புட்டுப் பேருக்கும் இப்படித்தானா அத்தை?”

“பெரும்பாலும் இப்படித்தான் தாயி.”

“அட கடவுளே! முதல்லயே சொல்லியிருந்தீகன்னா திரையே வேணாம்னு அமுக்குற பட்டன் வச்சிருப்பேனே. பைத்தானே போதுமே!”

மதுரைக்காரர் வைத்த திரை இப்போது துணி போர்த்திக் கிடக்கிறதாம். அதைக் கேட்டுச் சந்தோஷப்படக்கூட எங்களுக்குத் தெம்பில்லை.

இன்றைக்கும் எழுதியது ஓடாமல் வேறு மொழிக்கு மாறலாமா என்று யோசிக்கும்போது கவிதா முதலில் என் பக்கம்தான் திரும்புவாள்.

“அத்தை, மறைக்கிறது ஏதும் இருக்கா?”

“இல்ல தாயி.”

உடனே என் மகன் உள்ளிருந்து குரல் கொடுப்பான்: “அம்மா இல்லைன்னு சொல்லுதா? அப்போ எழுதுனதைத் தூக்கிப் போடு!”