ஊசியார் தைக்காத பேர்

தன் மகளுக்கு வைக்கிற பேர், தன் கையால் ஒரு தடவைகூடத் தைக்காத பேராக இருக்க வேண்டும் என்று ஊசியார் சபதம் எடுத்தார். சும்மா இல்லை, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எடுத்தார். பிள்ளை அதைக் கேட்டுவிட்டு வேட்டியை நனைத்தது.

ஊசியாருக்கு வேலை துணியில் பேர் தைப்பது. பள்ளிக்கூடச் சட்டை, குளியல் துண்டு, குழந்தைப் போர்வை, எது வந்தாலும் மெஷினில் கொடுத்துக் கலர் நூலில் எழுத்தாக்கித் தருவார். ஊரில் பாதிப் பெண்களின் பேர் அவர் ஊசி வழியாகப் போனதுதான். செல்வி, கீதா, பிரியா என்று தைத்துத் தைத்து அவருக்குக் கண்ணே பூத்துவிட்டது.

"நம்ம பொண்ணைக் கூப்பிட்டா தெருவுல நாலு பேரு திரும்பக் கூடாது. நம்ம பொண்ணு மட்டும்தான் திரும்பணும்."

"அல்லின்னு வைக்கலாமாங்க?" என்றாள் மனைவி மெதுவாக. அவள் எதையுமே மெதுவாகத்தான் சொல்வாள். "வயித்துல இருக்கும்போதே அப்படித்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

"அல்லியா? குளத்துல கிடக்கிற பூ. பழைய காலத்துப் பேரு. நீ பேசாம இரு, என்கிட்ட விடு."

"சரிங்க."

அவள் வாதாடவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஊசியாருக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவருக்கு வந்ததோ பெருமைதான்.

மறுநாளே ஒரு பேரோடு எழுந்தார். "திலோத்தமை! உலகத்துல இருக்கிற அழகையெல்லாம் எள்ளு எள்ளா எடுத்துச் சேர்த்துச் செஞ்ச தேவலோகப் பொண்ணு!"

"நீளமா இருக்கேங்க. கூப்பிடும்போதும் எள்ளு எள்ளாத்தான் கூப்பிடணும்போல."

"கிண்டலா?"

"ஐயோ, நான் எதுக்குங்க கிண்டல் பண்றேன். ரொம்ப நல்லா இருக்கு."

ஊசியார் தரையில் கால் பாவாமல் கடைக்குப் போனார். அந்த வாரமே கண்ணாடி போட்ட ஒரு அம்மா கையில் துண்டோடு வந்து நின்றார்.

"பேத்திக்குத் துண்டுல பேர் தைக்கணும் தம்பி."

"சொல்லுங்கம்மா. செல்வியா, பிரியாவா?"

"திலோத்தமை."

மெஷினில் நூல் அறுந்தது.

ஊசியார் அசரவில்லை. வானத்தை விட்டு மலைக்கு வந்தார். "குறிஞ்சி! பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கிற பூ. எப்படி?"

"அப்ப இன்னைக்கு நான் கூப்பிட்டா, பன்னிரண்டு வருஷம் கழிச்சு 'என்னம்மா'ன்னு வந்து நிப்பாளா?"

"பேரு பிடிச்சிருக்கா இல்லையா?"

"உங்களுக்குப் பிடிச்சா எனக்குப் பிடிச்ச மாதிரிங்க."

இந்தத் தடவை வந்தது நெட்டையாக ஒரு பெண். "அண்ணே, எங்க அக்கா மகளுக்கு. குறிஞ்சின்னு பெருசா தைங்க. எங்க தெருவுல ரெண்டு குறிஞ்சி இருக்கு, துண்டு மாறிப்போகுது."

அன்று ஊசியார் சோறு இறங்காமல் எழுந்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. அடுத்தது காவியம்.

"அமுதசுரபி! அள்ள அள்ளக் குறையாத பாத்திரம்!"

"நம்ம வீட்ல விளக்கப் போட்ட பாத்திரமும் அப்படித்தாங்க இருக்கு. குறையவே மாட்டேங்குது."

கடைக்குச் சிரித்த முகமாக ஒரு குண்டு அம்மா வந்தார். "அமுதசுரபின்னு தைங்க தம்பி. இரட்டைப் பிள்ளைங்க. ரெண்டு துண்டு."

"ரெண்டு பிள்ளைக்கும் ஒரே பேராம்மா?"

அந்த அம்மா ஒரு நிமிஷம் திருதிருவென்று முழித்தார். "ஒண்ணு அமுதசுரபி. இன்னொண்ணு... செல்வி."

ஊசியார் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஊரே தன்னைப்போல் யோசிக்க ஆரம்பித்துவிட்டதே! தேவலோகமும் போச்சு, மலையும் போச்சு, காவியமும் போச்சு. இனி இந்த உலகத்தில் யாரும் வைக்காத பேர் எது? தைத்த பேரையெல்லாம் ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். திடீரென்று மூளைக்குள் விளக்கு எரிந்தது. ஒரு துண்டு? இல்லை. ஒரு சட்டை? இல்லை. ஒரு கைக்குட்டைகூட இல்லை!

மெஷினை ஓடவிட்டபடியே வீட்டுக்கு ஓடினார்.

"கண்டுபிடிச்சுட்டேன்! ஒருத்தருக்கும் இல்லாத பேரு!"

"என்னங்க?"

"அல்லி!"

மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அட! உங்களுக்கு மட்டும் எப்படிங்க இதெல்லாம் தோணுது?"

"தொழில் அனுபவம்," என்று ஊசியார் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அவள் மனசு மாறுவதற்குள் பதிந்துவிட வேண்டும் என்று அன்றைக்கே பிறப்புப் பதிவு ஆபீசுக்குப் போய்ப் பேரைப் பதிந்தும் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டினார்கள். திறந்தார். கண்ணாடி அம்மா, நெட்டைப் பெண், குண்டு அம்மா, மூன்று பேரும் கையில் பழத்தோடு நின்றார்கள்.

ஊசியாருக்கு வாய் குழறியது. "பேத்தி... திலோத்தமை... சௌக்கியமாம்மா?"

"பேத்தியா? எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே தம்பி!"

பின்னாலிருந்து மனைவி, அதே மெதுவான குரலில், "பிள்ளை உண்டாகிறதுக்கு முன்னாடி நான் வேலை பார்த்தேனே சலவைக் கடை, அங்க எல்லாரும் என் கூட்டாளிங்க. உள்ள வரச் சொல்லுங்க," என்றாள்.

அவர் எங்கே சொல்வது? அவர்களே நுழைந்து, "அல்லிக்குட்டீ!" என்று தொட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். பிள்ளை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

ஊசியார் சுவரோடு சாய்ந்து நின்றார். "அப்ப என் பிள்ளைக்கு நான் பேரே வைக்கலையா?"

அவர் முகத்தைப் பார்த்து மனைவிக்கு மனசு இளகிவிட்டது. கிட்டே வந்து சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படிச் சொல்லாதீங்க. நீங்கதாங்க வச்சீங்க. நாங்க கொஞ்சம் அலசிக் கொடுத்தோம், அவ்வளவுதான்."