நான்காம் நம்பர் முன்வாசல்: ஏகமனதான தீர்மானம்

மனித நாகரிகம் எங்கே தொடங்கியது என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை உண்டு. எங்கே வந்து முடிந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இங்கிலாந்தில், மழை ஓயாத லங்காஷயரில், லின்னெட் குளோஸ் என்கிற முட்டுச் சந்தில், நான்காம் நம்பர் வீட்டு முன்வாசலில் வந்து முடிந்தது. அப்போது நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஆகவே இதை அதிகாரபூர்வமான தகவலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

என் பெயர் கிளிஃபர்ட். ஏழாம் நம்பர் வீடு, நான்காம் நம்பருக்கு எதிரே. 'லின்னெட் குளோஸ் முன்வாசல் தரப் பாதுகாப்புக் குழு'வின் கௌரவச் செயலாளர். சந்தில் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டுக்கும் முன்னால், கார் நிறுத்த, பேவர் பிளாக் கல் பதித்த வாசல். வேறு ஊர்களில் மனிதர்கள் கடவுளுக்காகவும் கட்சிக்காகவும் அடித்துக்கொள்கிறார்களாம். நாங்கள் கல்லிடுக்கில் முளைக்கும் பாசியைப் பற்றி மட்டுமே பேசுவோம், அதுவும் குரலை உயர்த்தாமல்.

அடுத்தவர் வாசலைப் பார்த்து மனசில் என்ன தோன்றினாலும் வாயில் 'அருமை' என்றுதான் வர வேண்டும். இது எங்கள் குழுவின் முதல் விதி. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் யாராவது திருத்தம் கொண்டுவந்துவிடுவார்கள். ஒன்பதாம் நம்பர் டக்ளஸ், காரைப் பின்னால் எடுக்கிறேன் பேர்வழி என்று தன் வீட்டுக் கதவையே பெயர்த்தபோதுகூட, "உள்ள இப்ப நல்ல வெளிச்சம்" என்று சொல்லிவிட்டு வந்தவன் நான்.

நான்காம் நம்பர், நெவில் எண்ட்விசிலின் வீடு. முப்பத்து நான்கு வருடம் குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் எங்கே ஓடும், எங்கே ஒளிந்துகொள்ளும் என்று அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. சொந்த வாசலுக்கு வந்தால் மட்டும் எல்லாம் மறந்துவிடும்.

இந்த வசந்தத்தில் அவர் மனைவி பெரிலுக்கு இடுப்பு மூட்டை மாற்றி வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் நாலு நாள், அதற்கப்புறம் சவுத்போர்ட்டில் தங்கை வீட்டில் மூன்று வாரம் என்று ஏற்பாடு. கிளம்பும்போது காரில் உட்கார்ந்தபடி பெரில் சொன்னதை, வேலிச் செடி வெட்டுகிற சாக்கில் நான் முழுசாகக் கேட்டேன்.

"நெவில், நான் திரும்பி வரும்போது வாக்கரைப் பிடிச்சுக்கிட்டுதான் வருவேன். வாசப்படிகிட்ட ஒரு கைப்பிடிக் கம்பி போட்டு வை. வேற எதுவும் செய்யாத. கேக்குதா? வேற எதுவும்."

"கேக்குது, கேக்குது" என்றார் நெவில்.

கேட்டிருக்கும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மே மாத விடுமுறைத் திங்கட்கிழமை அன்று, யாரையும் கேட்காமல் வெயில் வந்துவிட்டது. எங்கள் ஊரில் வெயில் வந்தால் யாரும் வீட்டுக்குள் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தால் அடுத்த வருடம் அது வராது என்று ஒரு பயம். பதினொரு மணிக்குள் நெவில் வாசலில் ஒரு பெரிய டப்பா வந்து இறங்கியது. கல்லுக்கு மேல் பூசுகிற சீலர். பூசினால் கறை பிடிக்காது, பாசி வராது, எப்போதும் மழையில் நனைந்த மாதிரியே பளபளக்கும் என்று டப்பா சொன்னது. மழையில் நனைந்த மாதிரி இல்லாத குறைதான் லங்காஷயருக்கு.

"கம்பி என்னாச்சு நெவில்?" என்று கேட்டேன்.

"கம்பி எவன் வேணா போடலாம் கிளிஃப். அவ கார்ல இருந்து இறங்கறப்ப வாசல் பளபளன்னு இருக்கணும். அசந்துடுவா."

முதலில் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் மிஷினால் கழுவினார். பாசி போனது. பாசியோடு, கற்களைப் பிடித்து நிறுத்தியிருந்த இடுக்கு மணலும் கிளம்பி என் வீட்டு ஜன்னலில் வந்து ஒட்டிக்கொண்டது.

"உங்க கண்ணாடில பட்டுடுச்சா?"

"சேச்சே. கண்ணாடிக்கும் ஒரு மாற்றம் வேணும் இல்லையா."

புது மணலைக் கொட்டிப் பெருக்கி இடுக்குகளை நிரப்பினார். பிறகு டப்பாவைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். "கல்லு ரெண்டு நாள் முழுசா காயணுமாம். பூசினப்புறம் ரெண்டு நாள் மழை கூடாதாம். மெலிசா ரெண்டு பூச்சு."

"இங்க ரெண்டு நாள் சேர்ந்தாப்ல காய்ஞ்சது எந்த வருஷம்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். மூணு மணி நேரம் காய்ஞ்சிருக்கு, போதும். கைய வெச்சுப் பாருங்க."

குனிந்து கையை வைத்தேன். மேலே காய்ந்திருந்தது. கீழே லங்காஷயர் இருந்தது. எழுபது வருடத்து ஈரம் கல்லுக்கு அடியில் சத்தமில்லாமல் காத்திருப்பது என் உள்ளங்கைக்கே தெரிந்தது.

"எப்படி?" என்றார் நெவில்.

"அருமை" என்றேன்.

மெலிசாக இரண்டு பூச்சு என்று டப்பாவில் போட்டிருந்தது. மனைவி மேல் இருந்த பாசத்தில் அவர் கெட்டியாக மூன்று பூசினார்.

சும்மா சொல்லக் கூடாது, அன்று சாயங்காலம் வாசல் கண்ணாடியாக மின்னியது. குனிந்து பார்த்தால் என் முகம் தெரிந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் களையாக. செவ்வாய் மழை. புதன் காலையில் மொத்த வாசலும் வெளுத்துக் கிடந்தது. மேலே சீலர் மூடிவிட்டதால் அடியிலிருந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே பூத்துவிட்டது. கண்ணில் புரை விழுந்தால் இருக்குமே, அந்த வெள்ளை.

டப்பாவில் இருந்த உதவி எண்ணுக்கு நெவில் போன் போட்டார். நானும் காது கொடுத்தேன்.

"ஈரத்து மேல பூசினீங்களா சார்?"

"ஈரம்லாம் இல்ல. லேசா ஒரு குளிர்ச்சி."

"எந்த ஊரு சார்?"

"லங்காஷயர்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "எங்க உத்தரவாதம் உலர்ந்த இடங்களுக்கு மட்டும்தான் சார்."

"இந்த நாட்டுல அது எங்க இருக்கு?"

"அதை நாங்க சொல்றதில்ல சார். மொத்தத்தையும் உரிச்சு எடுத்துடுங்க. இல்லன்னா வழுக்கும்."

நெவில் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உரிக்கச் சொல்றான் கிளிஃப். உரிச்சுடட்டுமா?"

ஒரு 'ம்' போதும். தலையாட்டினாலே போதும். ஆனால் ஒரு நாள் முழுக்க முதுகு ஒடிய வேலை செய்தவரிடம் அதை எப்படிச் சொல்வது?

"இவ்வளவு அருமையா இருக்கறதையா?" என்றேன்.

அவர் நிம்மதியாக உள்ளே போய் நாலாவது பூச்சுக்கு டப்பா எடுத்து வந்தார். வெள்ளையை மறைக்குமாம். மறைக்கவில்லை. வழுவழுப்பை மட்டும் கூட்டிக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை தபால் கொண்டுவந்த ஜானிஸ் அதில் கால் வைத்தார். அடுத்த நொடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து தூசி தட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க நெவில், உங்க வாசல்ல கீறல் ஒண்ணும் விழலையே?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஜானிஸும் எங்கள் பக்கத்து ஆள்தான்.

குழு அவசரமாகக் கூடியது. தலைவர் மார்ஜரி கிரிம்ஷா, உறுப்பினர் டக்ளஸ், செயலாளர் நான். பொருள்: நான்காம் நம்பர் வாசலின் நிறம்.

"வெள்ளைன்னு எழுதிடாதீங்க கிளிஃப்" என்றார் மார்ஜரி. "நெவிலுக்கு மனசு கஷ்டப்படும்."

"வேற என்ன எழுத?"

"ஒளி கூடியிருக்குன்னு எழுதுங்க."

டக்ளஸ் தயங்கித் தயங்கி, "வழுக்குதுன்னு ஒரு வரி சேர்க்கலாமா? ஜானிஸ் விழுந்தாங்களே" என்றார்.

"விழுந்தாங்களா, உக்காந்தாங்களா?"

"மல்லாந்தாங்க."

"அப்ப ஓய்வெடுத்தாங்கன்னு வெச்சுக்குவோம்."

அப்படியே வைத்துக்கொண்டோம். கூட்டம் முடியும்போது இந்த ஆண்டின் 'சிறந்த முன்வாசல்' கேடயத்தை நெவிலுக்கே தருவது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். ஊர்ப் பெரியவர்கள் என்றால் ஒரு மனிதனை இப்படித்தான் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

பெரில் வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். தூறல். டயர் சூட்டில் பூச்சு உரிந்துவிடும் என்பதால் நெவில் காரை வாசலில் ஏற்றாமல் தெருவிலேயே நிறுத்தினார். அங்கிருந்து வீட்டுக் கதவுக்குப் பதினான்கு அடி. வரவேற்க நாங்கள் குடையோடு வரிசையாக நின்றோம். மார்ஜரி கையில் எலுமிச்சை கேக்.

பெரில் மெதுவாக இறங்கி, வாக்கரைப் பிடித்து நிமிர்ந்து, வாசலைப் பார்த்தார்.

"நெவில், பால் வண்டி கவிழ்ந்துடுச்சா?"

"இல்ல பெரில். சீலர். உனக்காகத்தான்."

"கம்பி?"

"அடுத்த வாரம்."

பெரில் வாக்கரை ஒரு அடி முன்னால் வைத்தார். அதன் முன்கால்கள் அவரைக் கேட்காமலே இன்னும் ஒரு அடி போயின. சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். முகம் கேக்கு மாவாக வெளிறிவிட்டது.

"இருபத்தஞ்சு நாளா, என் வீட்டுல என் கட்டில்ல ஒரு தூக்கம் தூங்கணும்னு கிடந்து தவிக்கிறேன்" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்கல்லாம் இதைப் பாத்தீங்கல்ல?"

"பாத்தோம்" என்றார் மார்ஜரி.

"எப்படி இருக்கு?"

"அருமை."

"டக்ளஸ்?"

"அருமைங்க."

"கிளிஃப்?"

"ரொம்ப..." என்று ஆரம்பித்தேன். பெரில் என்னையே பார்த்தார். "ரொம்ப அருமை" என்று முடித்தேன்.

"வழுக்காதா?"

"கேக்குல நிஜமான எலுமிச்சை போட்டிருக்கேன் பெரில்" என்றார் மார்ஜரி.

பெரில் தலையை ஆட்டிக்கொண்டார். "எனக்குக் கேக் வேணாம். இந்தத் தெருவுல யாராவது ஒரே ஒருத்தர், 'நெவில், இது நாசமாப் போச்சு, உரிச்சுப் போடு'ன்னு இவன் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. சொன்னவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, அந்தப் புல்லு மேல நடந்து நான் உள்ள போயிடறேன். பொய் சொல்றவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்க எனக்குப் பயமா இருக்கு."

நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். அது அவிழவே இல்லை. அவிழ்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டியிருந்தது. கேக் நன்றாக நனையும்வரை பெரில் காத்திருந்தார்.

"சரி. சவுத்போர்ட்டுக்கே வண்டியை விடு நெவில். ஒருத்தர் சொன்ன அன்னைக்குப் போன் பண்ணு, வரேன்."

"நானே சொல்றேன் பெரில். நாசமாப் போச்சு."

"நீ சொன்னா செல்லாது. நீ எனக்குப் பயந்து சொல்றே."

அதிலிருந்து நெவில் தினம் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். எதற்குக் கேட்கிறார் என்று தெருவுக்கே தெரியும். இருந்தும், அல்லது அதனாலேயே, ஒன்பது வீட்டில் ஒன்பது 'அருமை' கிடைத்தது. மூன்றாம் நம்பரில் மட்டும் கொஞ்சம் மனசு இளகி, 'துணிச்சலான முயற்சி' என்றார்களாம். போனில் அதைப் பெரிலிடம் சொல்லிப் பார்த்தார். அவர் செல்லாது என்றுவிட்டார்.

கடைசியாக, போன வியாழக்கிழமை, என் வீட்டுக்கு வந்தார். சவரம் செய்து ஒரு வாரம் இருக்கும். சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது. கேடயத்தை எதற்கோ கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"கிளிஃப், உங்களைத்தான் நம்பி வந்திருக்கேன். நீங்க படிச்சவரு. நிஜத்தைச் சொல்லுங்க. வாசல் எப்படி இருக்கு?"

நாசமாப் போச்சு, நெவில். அவ்வளவுதான், சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். சொன்னால் ஒரு மணி நேரத்தில் பெரில் தன் கட்டிலில் இருப்பார். எனக்கு அது தெரியும். மனசார விரும்பினேன். வாயைத் திறந்தேன்.

"உள்ள வாங்க, டீ போடறேன்" என்றேன்.

பால் திரிந்திருந்தது. ஊற்றிய பிறகுதான் கவனித்தேன். கோப்பையில் வெள்ளை வெள்ளையாகத் திப்பி மிதந்தது. நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். எடுத்து, கண்ணை மூடி, அடிவரைக்கும் குடித்தார்.

"டீ எப்படி இருக்கு?" என்றேன், பழக்க தோஷத்தில்.

"அருமை" என்றார் நெவில்.

நேற்று குழுவின் மாதக் கூட்டம். நடவடிக்கைக் குறிப்பில் இப்படி எழுதியிருந்தேன்: 'நான்காம் நம்பர் முன்வாசல் பற்றி இதுவரை புகார் எதுவும் வரவில்லை. பெரிலும் வரவில்லை.' கடைசி வரியைப் படித்த மார்ஜரி, அதை அடித்துவிடச் சொன்னார்; நெவிலுக்கு மனசு கஷ்டப்படுமாம். டக்ளஸ் வழிமொழிந்தார்.

அடித்துவிட்டேன்.