முத்துக்கண்ணனின் இரண்டு நிமிடம்

போடி மைதானத்தில் அன்று இருந்தவர்கள்: பந்து வீசிய ஜோதி, அதைப் பிடிக்கக் குந்தியிருந்த ஃபாயிசா, ஜோதியின் தகப்பனார் முத்துக்கண்ணன், தாயார் அமுதவள்ளி, நடுவர் சவுகத் அலி, மாநில பேஸ்பால் அணிக்கு ஆள் எடுக்க வந்த தேவி அம்மாள், போடி, மதுரை என இரு அணிப் பெண்கள். வேறு யாராவது பார்த்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

எடுக்க வேண்டியது ஒரே ஒரு ஆள். எங்கள் குடும்பத்துப் பெண் போவாளா என்பது அன்று தீர வேண்டும்.

முதல் இன்னிங்ஸ் முடிந்தது. மறுபடி ஆடுமுன் கை பழக ஜோதிக்கு இரண்டு நிமிடம், எட்டுப் பந்து. அவள் மூன்றை வீசிவிட்டுக் கூந்தலை முடிந்தாள். எங்கள் முத்துக்கண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு நிமிசத்தை இப்படியா வீணாக்குறது? ஏலக்கா உலர்த்துற எடத்துல ரெண்டு நிமிசம் அசந்தா லோடு பூரா கருகிப் போகும்!"

முப்பது ஆண்டு ஏலக்காய் தரம் பிரித்தவர். நேரே களத்துக்குள் போய், பந்துகளை ஒவ்வொன்றாக வெயிலில் உருட்டி, முகர்ந்து பார்த்தார். "இது நயம். இது கழிவு."

பிரித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்தது. அந்த இன்னிங்ஸில் ஜோதியின் பந்துகள் ஃபாயிசாவின் தலைக்கு மேல் பறந்தன. மதுரை அணிக்கு இரண்டு ரன்.

"அப்பா, நீங்க உக்காருங்களேன்."

"கை குளுந்து கெடக்கு ஆத்தா. சூடு காட்டணும்."

அடுத்த இடைவேளையில் வெந்நீர்த் துண்டை ஜோதியின் தோளில் சுற்றினார். வியர்த்த கையிலிருந்து பந்து வழுக்கி நடுவரின் முழங்காலில் பட்டது.

"யா அல்லா!"

மூன்றாவது இடைவேளையில், ஜீப்பில் மூட்டை ஏற்றுவதுபோல் அமுதவள்ளியை நடுவில் நிறுத்திப் பந்துகளைக் கைமாற்றினார். "வெரசா, வெரசா!" எட்டும் எட்டுத் திசைக்கு ஓடின. தேவி அம்மாள் நோட்டை மூடினார்.

கடைசி இன்னிங்ஸுக்கு முன் சவுகத் அலி நொண்டிக்கொண்டே வந்தார்.

"அண்ணே, அந்தக் கோடியில புளியமரத்துப் பக்கம் பந்து போனா பாக்க ஆளில்ல. உங்க கண்ணு கூர்மையானது."

முத்துக்கண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஜோதி எட்டுப் பந்தும் வீசினாள். ஒவ்வொன்றும் ஃபாயிசாவின் கையுறைக்குள் இடிபோல் இறங்கியது. பிறகு மூன்று பேர் ஆட வந்தார்கள். ஒன்பதே பந்து, ஒன்றுகூட மட்டையில் படவில்லை; மூவரும் அவுட். குரங்கணி மலையில் மேகம் விலகும்போது வாயடைத்து நிற்பார்களே, அப்படி நின்றது மைதானம். மதுரைப் பெண்களே கை தட்ட மறந்து, பிறகு தட்டினார்கள். தேவி அம்மாள் நின்றபடியே ஜோதியின் பெயரை எழுதினார்.

மறுவாரம் ஊரில் ஒரு பேச்சு: முத்துக்கண்ணனை நடுவர் விரட்டிவிட்டாராம். குடும்ப மானம் போகும் பேச்சு. முத்துக்கண்ணன் விறைத்த முதுகோடு போய் ஃபாயிசாவைக் கேட்டார்.

"நெசத்தைச் சொல்லு தாயி. பாய் என்னை விரட்டுனாரா?"

"யாரு மாமா அப்படிச் சொன்னது? அவரு பாட்டுக்குச் சும்மாதான் இருந்தாரு. உங்களைத் தூர அனுப்பச் சொல்லி ஜோதிதான் அவருகிட்ட மனு எழுதிக் கொடுத்தா. மொதக் கையெழுத்து அமுதவள்ளி அத்தையோடது."