பக்தவச்சலம் கடை போண்டா

உயிரே போனாலும் உருளைக்கிழங்கை விடுவதில்லை என்று தேவானந்தம் முடிவு கட்டிவிட்டார். கிட்னி டாக்டர் சொன்னது வேறு. "கிரியாட்டினின் இன்னும் ஏறுச்சுன்னா டயாலிசிஸ்தான் சார்." அதைக் கேட்டதிலிருந்து மனுஷனுக்கு உள்ளுக்குள் உதறல், வெளியே வீம்பு.

கிழக்குத் தாம்பரத்து வீட்டில் அன்றே மனைவி யூனிஸின் ராஜ்ஜியம் தொடங்கியது. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் நாடு கடத்தப்பட்டன. எந்தக் காயையும் நறுக்கி, ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை அப்படியே கொட்டிவிடுவாள். பொட்டாசியம் போய்விடுமாம்.

"காய்க்கு ஞானஸ்நானம் குடுக்கிறியா, யூனிஸ்?"

"ஆமா, அதோட பாவமெல்லாம் போகட்டும். சாப்பிடுங்க."

"உப்பு போட்டியா?"

"டாக்டர் சொன்ன அளவு போட்டேன்."

"கண்ணுக்கே தெரியலையே!"

"நாக்குக்குத் தெரிஞ்சா போதும்."

"அதுக்கும் தெரியலடி!"

எத்தனை நாள்தான் தாங்குவார்? ஒரு சனிக்கிழமை சாயங்காலம் 'வாக்கிங்' என்று கிளம்பினார். கால் நேரே ஸ்டேஷன் பக்கம் பக்தவச்சலம் டீக்கடைக்குப் போய் நின்றது. கல்யாணமான புதுசில் அவர் கிண்டி ஆபீஸிலிருந்தும் அவள் பல்லாவரம் பள்ளிக்கூடத்திலிருந்தும் மின்சார ரயிலில் வந்து இறங்கி, இதே இடத்தில் ஒரே போண்டாவைப் பிட்டுத் தின்பார்கள். சூடு பொறுக்காமல் யூனிஸ் கைக்குக் கை மாற்றி ஊதுவாள். அதைப் பார்க்கவே வீட்டுக்குப் போகும் பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிடுவார். அடடா, என்ன காலம் அது! போண்டாவைச் சட்னியில் முக்கி எடுத்தார்.

அடுத்த வாரத்திலிருந்து கடையில் அவருக்கு ராஜமரியாதை.

"குந்து சார், ஒனக்குன்னு தனியா சூடா போட்டுத் தரேன்."

"சட்னி?"

"இப்பதான் தீந்துச்சு சார்."

எல்லா வாரமும் இப்படித்தான் தீர்ந்தது. போகட்டும், பழைய வாடிக்கைக்காரன் என்று ஒருத்தனாவது மதிக்கிறானே என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

இன்றைக்கும் சனிக்கிழமை. ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்தது. கிரியாட்டினின் இறங்கியிருந்தது! தேவானந்தம் வீட்டுக்குள் குதித்துக்கொண்டு வந்தார்.

"பாத்தியா? சனிக்கிழமை தவறாம பக்தவச்சலம் கடை போண்டா தின்னேன். அதே பழைய ருசி! இருந்தும் எறங்கிடுச்சு. உன் பத்தியமெல்லாம் சும்மா!"

யூனிஸ் நிமிரக்கூட இல்லை. உருளைக்கிழங்கைப் பிசைந்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சட்னி குடுத்தாரா?"

"அது... எப்பவும் தீந்துடுது."

"முதல் நாளே சட்டையில எண்ணெயோட வந்து நின்னீங்க. மறுநாளே கடைக்குப் போய், சட்னி கூடாதுன்னு அவர் கையைப் பிடிச்சுக்காத குறையாச் சொல்லிட்டேன். தண்ணி வடிச்ச கிழங்கு, உப்பு குறைச்ச மாவு எல்லாம் இங்கேர்ந்துதான் போகுது. அவர் பொரிச்சுத் தர்றதோட சரி."

தேவானந்தம் டப்பாவை எட்டிப் பார்த்தார்.

"உங்களை அந்த மெஷின் பக்கத்துல படுக்க வச்சுப் பாக்க எனக்குத் தெம்பு இல்லங்க" என்றாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னிக்கு நீயும் வா யூனிஸ். பழையபடி ஒரே போண்டாவைப் பிட்டுத் திங்கலாம்."

யூனிஸ் கண்ணைத் துடைத்தாள். கையைக் கழுவினாள். செருப்பை மாட்டினாள்.

"பிட்டா? எனக்குக் கடை போண்டா, சட்னியோட. நீங்க உங்க டப்பாவைத் தூக்கிட்டு வாங்க."